அண்ணாவி ஆகணும்னா: நடிப்பு முறை ஒன்றில் ஆசிரியச் சான்றிதழ் வாங்கப் போகிறவர்களுக்கு

போன மாதம் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு பையன் போன் பண்ணினான். "மிஸ், ரெண்டு வருசமா நாடகத்துல இருக்கேன். ஆக்டிங் டீச்சர் சர்டிபிகேட் வாங்கணும். எங்க பணம் கட்டணும்?" அவனிடம் அரைமணி நேரம் பேசினேன். மறுநாள் தென்காசியிலிருந்து ஒரு பெண், அதே கேள்வி. மூன்றாவது ஆளுக்கும் சொல்லத் தொண்டை இல்லை. பகல் முழுக்க எட்டாம் வகுப்புக்கு இலக்கணம் நடத்துகிறவள் நான். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

பாளையங்கோட்டையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் தமிழாசிரியை. கல்லூரிக் காலத்தில் வீதி நாடகத்தில் பறை தூக்கிக்கொண்டு அலைந்தவள். மைக்கேல் செக்காவ் நடிப்பு முறையைக் கற்றுக்கொடுக்கச் சான்று வாங்க எனக்கு ஐந்து வருடம் ஆயிற்று. இரண்டு வளையல் போயிற்று. நடுவில் ஒரு முறை தோற்றேன். அந்தத் தோல்விதான் இந்தக் கட்டுரையில் உருப்படியான பகுதி, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், எந்தச் சான்றிதழ்?

இந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு சரக்கு கிடக்கிறது. கல்லூரியில், பள்ளியில் வேலை வேண்டும் என்றால் உங்களுக்கு வேண்டியது பட்டம். புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. அங்கே நாடகத்தில் முதுகலை படிக்கலாம். (சுவாமிகள் பிறந்தது நம் தூத்துக்குடியில், 1867இல். மறைந்தது புதுச்சேரியில், 1922இல்.) பிறகு கல்லூரி ஆசிரியர் வேலைக்கான யு.ஜி.சி. நெட் தேர்வில் நிகழ்கலை என்ற பாடத்தை எழுதலாம். டெல்லியில் 1959 முதல் நடக்கும் தேசிய நாடகப் பள்ளி இன்னொரு பாதை. நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் சே. இராமானுஜம் அந்த வழியாகப் போய்த்தான், பிறகு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் சொல்லிக்கொடுத்தார்.

இரண்டாவது, தேர்வு வாரியங்கள். டிரினிட்டி காலேஜ் லண்டன், லாம்டா இரண்டும் பேச்சுக்கலை, நாடகம் ஆகியவற்றில் படிப்படியாகத் தேர்வு வைக்கின்றன. டிரினிட்டி மேல்படியில் கற்பிப்பதற்கான டிப்ளோமாவும் தருகிறது. சி.பி.எஸ்.இ., சர்வதேசப் பள்ளிகளில் டிராமா டீச்சர் வேலைக்கு இது உதவும். குறிப்பிட்ட ஒரு நடிப்பு முறைக்கு இது முத்திரை ஆகாது.

மூன்றாவதுதான் நம் விஷயம். மெய்ஸ்னர், மைக்கேல் செக்காவ், லின்க்லேட்டர் குரல் பயிற்சி என்று ஒரு தனி முறையைப் பிறருக்குச் சொல்லிக்கொடுக்க, அந்த முறையைக் கையில் வைத்திருக்கும் அமைப்போ ஆசிரியரோ தரும் அனுமதி. இதற்குப் பின்னால் எந்த அரசும் இல்லை. நாளைக்கே வண்ணார்பேட்டையில் ஒரு ஹால் பிடித்து 'மெத்தட் ஆக்டிங் அகாடமி' என்று போர்டு வைத்தால் யாரும் வந்து கேட்கப்போவதில்லை, சிலர் வைத்தும் இருக்கிறார்கள். ஆகவே இந்தக் காகிதத்தின் மதிப்பு முழுவதும் கீழே கையெழுத்துப் போட்டவரின் மதிப்புதான்.

எது நியாயமான பயிற்சி என்று அளந்து பார்க்க ஒரு படிக்கல் சொல்கிறேன். மேடையில் குரல் அடைத்துப்போன நடிகர் எஃப்.எம். அலெக்சாண்டர் தன் உடம்பைத் தானே கண்ணாடியில் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்த முறை ஒன்று உண்டு, நாடகப் பள்ளிகளில் நிறையப் பயன்படுகிறது. 1931இல் லண்டனில் அதற்கு முதல் ஆசிரியப் பயிற்சி ஆரம்பித்தார். 1958இல் ஏற்பட்ட அதன் ஆசிரியர் சங்கம் இன்றைக்கும் குறைந்தது மூன்று வருடம், 1600 மணி நேரம் கேட்கிறது. எல்லா முறைக்கும் இவ்வளவு வேண்டியதில்லை. ஆனால் 'மூன்று நாளில் சர்வதேச ஆசிரியச் சான்றிதழ், ஜி.எஸ்.டி. தனி' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் இந்த 1600ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார், அவருக்கு யார்? இந்தக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். நம் ஊரில் மாப்பிள்ளை பார்க்கப் போனால் பாட்டன் பெயர் வரை கேட்கிறோம். செக்காவ் முறை என்றால், நடிகர் மைக்கேல் செக்காவ் (எழுத்தாளர் அன்டன் செக்காவின் தம்பி... இல்லை, அண்ணன் மகன், எனக்கு எப்போதும் குழம்பும்) 1891இல் பிறந்தவர், மாஸ்கோவில் நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியிடம் பயின்றவர், 1928இல் ரஷ்யாவை விட்டவர், 1936இல் இங்கிலாந்தின் டார்ட்டிங்டனில் பள்ளி தொடங்கியவர், அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர், 1955இல் இறந்தவர். அவரிடம் நேரடியாகப் படித்தவர்கள், அவர்களிடம் படித்தவர்கள் என்று கொடி வருகிறது. உங்கள் ஆசிரியர் அந்தக் கொடியில் எங்கே தொங்குகிறார் என்று அவரே சொல்ல வேண்டும். சொல்லத் தடுமாறினால் எழுந்து வந்துவிடலாம்.

அடுத்து: நான் பாடம் எடுப்பதை யாராவது உட்கார்ந்து பார்ப்பார்களா, எத்தனை முறை? இதற்குப் பதில் 'இல்லை' என்றால் அது நடிகருக்கான பட்டறை, ஆசிரியப் பயிற்சி கிடையாது. பிறகு: தோற்றால் என்ன? மறுபடி கட்டணமா? சான்றிதழ் ஆயுளுக்கா, புதுப்பிக்க வேண்டுமா? அந்த முறையின் பெயரைப் போட்டு வகுப்பு நடத்த அனுமதி உண்டா? எல்லாவற்றையும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள்.

முறையைத் தேர்வது: தமிழில் ஓடுமா?

இதை எந்த வெளிநாட்டு விளக்கக் கையேடும் சொல்லாது. மெய்ஸ்னரை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் 1935 முதல் கற்பித்த சான்ஃபோர்ட் மெய்ஸ்னரின் முதல் பயிற்சி, திருப்பிச் சொல்வது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் மற்றவரிடம் கண்டதைச் சொல்வார்: 'நீ சிரிக்கிறாய்.' மற்றவர்: 'நான் சிரிக்கிறேன்.' இதையே திரும்பத் திரும்ப. சொல் தேய்ந்து, கவனம் முழுக்க எதிராளி மேல் போய்விடும்.

என் தோழி ஒருத்தி அந்த முறையில் பயிற்சி எடுத்தாள். அவளுக்காக மேலப்பாளையத்தில் ஒரு மாடியில் நாலைந்து பேரை உட்காரவைத்துப் பார்த்தோம். ஒரு ஜோடி: 19 வயதுப் பெண், 52 வயது மின்வாரிய ஊழியர். அவள் 'நீ' என்று சொல்வாளா? செத்தாலும் வராது. "அண்ணாச்சி, நீங்க கோவப்படுதிய" என்றாள். அவர், "ஆமாம்மா, நான் கோவப்படுதேன்" என்றார். அந்த 'அண்ணாச்சி'யும் அந்த 'ம்மா'வும் போதும், பயிற்சி முடிந்தது. மரியாதை வந்து நடுவில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. இரண்டு பேரும் கண்டதைச் சொல்லவில்லை, உறவுமுறை சொன்னார்கள். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல்லாக இருப்பதால் அங்கே இந்தச் சிக்கல் தலைகாட்டுவதே இல்லை.

தோழி என்ன செய்தாள் தெரியுமா? 'நீ', 'நான்' இரண்டையும் எடுத்துவிட்டாள். வினையையும் எடுத்துவிட்டாள். 'கோவம்.' 'கோவம்.' 'புருவம் மேல.' 'புருவம் மேல.' ஒரு வாரத்தில் அந்தப் பெண் அண்ணாச்சியை நேராகப் பார்க்க ஆரம்பித்தாள். தன் இறுதி மதிப்பீட்டில் இந்த மாற்றத்தை விளக்கி எழுதியதுதான் தோழிக்குக் கைகொடுத்தது. நீங்கள் எந்த முறையை எடுத்தாலும், அது நம் மொழியில் எங்கே முட்டுகிறது என்று முதல் மாதமே பார்த்துவிடுங்கள். ஆசிரியர் ஆகிறவர் செய்ய வேண்டிய வேலை அங்கேதான் கிடக்கிறது.

எனக்குச் செக்காவ் பிடித்ததற்குக் காரணம் உடம்பிலிருந்து தொடங்குவது. தள்ளு, இழு, தூக்கு, எறி என்று முழு உடம்பாலும் ஒரு சைகை செய்து, அதிலிருந்து பாத்திரத்தின் ஆசையைப் பிடிப்பது. 'சூழல்' என்று ஒன்று சொல்லுவார்கள், அறைக்குள் யாரும் பேசும் முன்னாலேயே அங்கே நிற்கும் ஒன்று. பயிற்சியில் இதற்கு ஒரு மணி நேரம் விளக்கம் கொடுத்தார்கள். நம் பிள்ளைகளுக்கு ஒரு வரி போதும்: சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில், நள்ளிரவுச் சாமக்கொடை நேரத்தில் வாசலில் கால் வைக்கும்போது முதுகில் ஏறுமே, அது.

விண்ணப்பிக்கும் முன்

நடிகராக அந்த முறையில் இரண்டு மூன்று வருடம் ஊறாமல் ஆசிரியப் பயிற்சிக்கு எழுதாதீர்கள். நல்ல இடங்கள் எடுக்கவும் மாட்டார்கள். அதற்குள் செய்ய வேண்டியது நோட்டுப் புத்தகம். நான் வைத்திருந்தது 200 பக்க நீள நோட்டு, ஆறு ஆயிற்று. தேதி, எத்தனை பேர், எந்தப் பயிற்சி, எவ்வளவு நேரம் என்று இடப்பக்கம். வலப்பக்கம் மூன்றே விஷயம்: என்ன பார்த்தேன், என்ன சொன்னேன், சொன்னபின் என்ன மாறியது. 'வகுப்பு அருமையாக இருந்தது', 'மனம் நெகிழ்ந்தது' என்றெல்லாம் எழுதினால் பயிற்சி மணிக்கணக்கைக் காட்டத்தான் ஆகும், உங்களுக்கு ஆகாது.

வீடியோ கேட்பார்கள். கல்யாண மண்டபத்தில் எடுக்காதீர்கள், எதிரொலியில் ஒரு சொல் புரியாது. மின்விசிறியை நிறுத்துங்கள், நெல்லை வெயிலில் கஷ்டம்தான், காலை ஆறரைக்கு எடுங்கள். வெட்டி ஒட்டாத ஒரே துண்டாக, மாணவர்கள் முகம் தெரிய எடுக்க வேண்டும். என் முதல் வீடியோ முழுக்க என் முகம். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கடிகாரம் பற்றி. இணையம் வழியே நியூயார்க்கில் காலை 10 மணி வகுப்பு என்றால் அவர்கள் கோடையில் நமக்கு மாலை 7.30, நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து 8.30. மார்ச் இரண்டாம் ஞாயிறில் திரும்பவும் 7.30 ஆகிவிடும். பிரிட்டனில் மாறும் நாளே வேறு, அக்டோபர் கடைசி ஞாயிறும் மார்ச் கடைசி ஞாயிறும். ஒரு மார்ச்சில் நான் சாவகாசமாக இட்லி மாவு ஆட்டிவிட்டு எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன், வகுப்பு முடியும் நேரம். அந்த ஒரு மணி நேரத்தை ஈடுகட்ட இரண்டு மாதம் ஆயிற்று.

நேரில் போகும் பகுதியும் இருக்கும். அவர்கள் கோடைப் பட்டறை பெரும்பாலும் ஜூன், ஜூலை. நம் விடுமுறை மே மாதத்தோடு சரி, ஜூனில் பள்ளி திறந்துவிடும். ஆசிரியராக இருப்பவர்கள் ஒரு வருடம் முன்னாலேயே விடுப்புக்கும், வெளிநாடு போகத் தடையின்மைச் சான்றுக்கும் எழுதிக்கொடுத்துவிடுங்கள். விசா தனிக் கதை. அழைப்புக் கடிதம், சம்பளச் சீட்டு, திரும்பி வருவதற்கான காரணம், இவை கையில் இருந்தால் மீதி விதி.

தோற்ற கதை

என் முதல் கற்பித்தல் மதிப்பீடு இணையம் வழியே. நான் வாடகைக்கு எடுத்த ஹாலில் எட்டுப் பேர், திரையில் மதிப்பிடுகிறவர். 'தள்ளுதல்' சைகை. ஒரு மாணவி கையை மட்டும் தள்ளினாள், உடம்பு பின்னால் நின்றது. உடனே நான் போய், "இப்படிம்மா" என்று தரையிலிருந்து எழும்பி ஒரு தள்ளு தள்ளிக் காட்டினேன். நானே சொல்லக்கூடாது, பிரமாதமாக இருந்தது. எட்டுப் பேரும் அடுத்த நொடி என்னைப் போலவே தள்ளினார்கள். என் இடது தோள் கொஞ்சம் ஏறும், பழைய அடி. எட்டு இடது தோளும் ஏறியது.

மதிப்பிட்டவர் சிரிக்கவில்லை. 'இன்று எட்டுப் பேர் உங்களைக் கற்றுக்கொண்டார்கள்' என்று எழுதி அனுப்பினார். தேர்ச்சி இல்லை.

எனக்கு ஆத்திரம். நாம் வளர்ந்ததே அப்படித்தானே? சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிக் காலத்திலிருந்து வாத்தியார் சொல்வார், பையன் திருப்பிச் சொல்வான். பார்த்துச் செய்வதுதான் படிப்பு. இவர்களுக்கு என்ன தெரியும் என்று ஒரு மாதம் முணுமுணுத்தேன்.

அந்த ஆடியில் முக்கூடல் பக்கம் ஒரு கொடைக்குப் போனேன். அங்கே கணியான் கூத்து, சாமிக்கு முன்னால் கதை பாடி ஆடுவது. கூத்தை நடத்துகிற தலைமைப் பாடகரான அண்ணாவி நடுவில் பாட, இருபுறமும் உச்சமும் மந்தமுமாக மகுடம் என்கிற பறை இரண்டு அதிர, பெண் வேடத்தில் இரண்டு பேர் ஆடினார்கள். அதில் ஒருவன் புதுசு, அடவு தப்பிக்கொண்டே இருந்தது. அண்ணாவி ஒரு தடவையாவது ஆடிக்காட்டவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. பாடிக்கொண்டே ஒரு வரியை மட்டும் இழுத்தார். பையன் கால் தானாக அந்த இழுவைக்குள் வந்து உட்கார்ந்தது. விடிந்தபின் டீக்கடையில் அவரிடம் கேட்டேன். "பாட்டு படிக்கவன்லாம் அண்ணாவி இல்லம்மா" என்றார். "ஆட்டத்தை நிறுத்தாம, எவன் எங்க பிசகுதான்னு பாத்து, பாட்டுலயே அவனுக்குச் சொல்லணும். நான் எந்திச்சி ஆடுனா சாமி என்னத்தல்லா பாக்கும்?" டீக்கு அவரே காசு கொடுத்தார்.

செக்காவ் வகுப்பில் இதற்குப் பெயர் உண்டு, பக்கத்தில் நின்று வழிகாட்டுவது. பயிற்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சொல்லை உள்ளே போடுவது. கையேட்டில் நான் மூன்று முறை அடிக்கோடு போட்டிருந்த பக்கம். அதை முக்கூடல் டீக்கடையில் உட்கார்ந்துதான் புரிந்துகொண்டேன்.

அதன்பின் பழகியது இதுதான், நீங்களும் பழகுங்கள். வகுப்பில் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். காட்டத் தோன்றும்போதெல்லாம் கேள்வியாக மாற்றுங்கள்: "எங்கேருந்து தள்ளுதே? பாதம் தள்ளுதா?" ஒரு நேரத்தில் ஒரு குறிப்பு, ஐந்து சொல்லுக்குள். சொன்னபின் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள். இந்தப் பத்து எண்ணுவதுதான் தமிழாசிரியைக்குக் கொடுமை. இரண்டாம் முறை மதிப்பீட்டில், அதே மாணவி. நான் சொன்னது மொத்தம் இரண்டு சொல்: "குதிகாலும் வரட்டும்." தள்ளினாள். அவள் தோள் ஏறவில்லை.

வகுப்பைத் தமிழில் எடுக்க முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். நான் முதல் முறை அரைகுறை ஆங்கிலத்தில் எடுத்ததும் தோல்விக்கு ஒரு காரணம். வாய் தடுமாறினால் கை முந்திக்கொள்ளும். இரண்டாம் முறை தமிழில் எடுத்து, வீடியோவுக்கு அடியில் ஆங்கில வரி போட்டு அனுப்பினேன். மறுக்கவில்லை.

விளையாட்டில்லாத ஒரு விஷயம்

மாணவரின் பழைய காயத்தைக் கிளறி அழவைப்பதை நடிப்புப் பயிற்சி என்று நினைக்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். செக்காவ் இதிலிருந்து விலகிவந்தவர். அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள்: ஸ்தானிஸ்லாவ்ஸ்கி வகுப்பில், சொந்த அனுபவத்தை நினைத்து உணர்ச்சியை வரவழைக்கும் உணர்ச்சி நினைவுப் பயிற்சியில் தன் தகப்பனின் சாவு வீட்டை நடித்துக்காட்டினாராம். குரு உருகிப்போனார். அப்புறம்தான் தெரிந்தது, தகப்பன் உயிரோடு இருக்கிறார் என்று. கற்பனையே போதும் என்ற அவர் வாதத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். எந்த முறையானாலும், வகுப்பு முடியும்போது பாத்திரத்தை உதறிவிட்டு வெளியே வர ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். மதிப்பீட்டில் அதைத் தனியாகப் பார்க்கிறார்கள்.

தொட்டுத் திருத்துவது பற்றி: கேட்காமல் தொடாதீர்கள், கேட்டும் முடிந்தவரை தொடாதீர்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்கள் இருந்தால் பெற்றோர் கையெழுத்து, திறந்த கதவு, இன்னொரு பெரியவர் கட்டாயம். 2012இன் போக்சோ சட்டத்தை ஒரு தடவை முழுதாகப் படியுங்கள்.

வாங்கிய பிறகு

பெயருக்குப் பின்னால் போடும்போது எந்த முறை, எந்த அமைப்பு, எந்த வருடம் என்று மூன்றையும் போடுங்கள். 'அரசு அங்கீகாரம்' என்று தவறியும் போடாதீர்கள். கட்டணம் வாங்குங்கள், சும்மா வந்தால் மூன்றாவது வாரம் பாதிப் பேர் காணாமல் போவார்கள். பணம் இல்லாத பிள்ளையிடம் வேறு வேலை வாங்கிக்கொள்ளலாம். என்னிடம் ஒருத்தி வருகைப் பதிவேடு எழுதுகிறாள், என்னைவிடக் கறாராக.

நோட்டை நிறுத்தாதீர்கள். ஏழாவது நோட்டில் இருக்கிறேன்.

அம்பாசமுத்திரம் பையனுக்கு: சனிக்கிழமை நாலு மணிக்கு வாப்பா. இப்போதைக்குப் பணம் எங்கேயும் கட்டவேண்டாம். முதல் ஆறு மாதம் ஓரமாக உட்கார்ந்து பார்த்து எழுது. வரும் வழியில் பத்தமடையில் இறங்கி ஒரு கோரைப்பாய் வாங்கிக்கொள், இங்கே தரை சிமெண்டு. பட்டுப்பாய் வேண்டாம், சாதாப் பாய் போதும்.